இரு வேலிகளுக்கு நடுவே

தை பிறந்துவிட்டால் பங்குப் பணியாளரின் மேசைமேல் மண ஓலைகள் சேரத் தொடங்கும். தவக்காலம் வருமுன் திருமணத்தை முடித்துவிட வேண்டும் என்னும் அவசரம் இரு வீட்டாருக்கும் உண்டு. ஞாயிறு திருப்பலியின் இறுதியில் முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை என்று பெயர்களை வாசிக்கிறோம். மணமகன் இன்னார் மகன், இன்ன பங்கைச் சார்ந்தவர். மணமகள் இன்னார் மகள், இன்ன பங்கைச் சார்ந்தவர். தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதை வாசித்து வருகிறேன். ஓலையில் ஊர் உண்டு, தந்தையின் பெயர் உண்டு, பங்கு உண்டு, சாதி இல்லை. ஆயினும் கோவிலில் அமர்ந்திருப்போர் ஊரையும் தந்தையின் பெயரையும் கேட்ட மாத்திரத்தில், வாசிக்கப்படாத அந்த ஒரு சொல்லையும் சேர்த்தே கேட்டுவிடுகிறார்கள்.

மணத்தைச் சுற்றி மனித சமுதாயம் ஏறக்குறைய எங்கும் இரண்டு வேலிகளை இட்டிருக்கிறது. ஒன்று உள்வேலி: இவ்வளவு நெருங்கிய உறவுக்குள் மணக்கலாகாது என்பது. மற்றொன்று வெளிவேலி: இக்கூட்டத்திற்கு அப்பால் சென்று மணக்கலாகாது என்பது. இரண்டாம் வழக்கத்தையே அகமணம் என்று அறிஞர் அழைப்பர். திருச்சபை தன் வரலாற்றில் பெரிதும் கவலைப்பட்டது உள்வேலியைக் குறித்து. நம் தமிழ்ச் சமுதாயம் பெரிதும் கவலைப்பட்டது வெளிவேலியைக் குறித்து. இவ்விரண்டும் நம் மண்ணில் சந்தித்தபோது என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

திருவிவிலியத்தைத் திறந்தால் அகமணம் முதற் பக்கங்களிலேயே நம்மை எதிர்கொள்கிறது. ஆபிரகாம் தம் மகன் ஈசாக்குக்குக் கானானியப் பெண் வேண்டாமென்று, ஊழியரைத் தம் சொந்த நாட்டிற்கும் சுற்றத்தாரிடமும் அனுப்புகிறார். யாக்கோபு தம் தாயின் சகோதரன் லாபானிடம் சென்று, அவர் புதல்வியர் இருவரையும் மணக்கிறார். மறைக்கல்வி வகுப்பில் இப்பகுதியை விளக்கும்போது நம் சிறுவர் எவரும் வியப்படைவதில்லை. தாய்மாமன் மகளை மணப்பதில் வியக்க என்ன இருக்கிறது! ஆனால், எண்ணிக்கை நூலின் முப்பத்தாறாம் அதிகாரத்திற்கு வந்தால் அதே சிறுவர் திடுக்கிடுவர். செலொபுகாதின் புதல்வியர் ஐவரும் குலத்தின் நிலம் வேறு குலத்திற்குப் போய்விடாதபடி தம் தந்தையின் சகோதரர் புதல்வரை மணந்தனர். நம் முறைப்படி அவர்கள் அண்ணன் தங்கையர் அல்லவா! எது முறை, எது முறைகேடு என்பது எவ்வளவு தூரம் மண்ணைச் சார்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்தப் பகுதியில் காரணமும் வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளது: நிலம். எஸ்ராவின் காலத்திலோ காரணம் வேறு. பாபிலோனியாவிலிருந்து மீண்டு வந்த சிறு கூட்டம் தன் சமயத்தை இழந்துவிடுமோ என்ற அச்சத்தில், வேற்றினத்து மனைவியரைப் பிள்ளைகளோடு அனுப்பிவிட முடிவு செய்தது. எஸ்ரா நூல் அந்த ஆண்களின் பெயர்களைப் பட்டியலிட்டு முடிகிறது. அப்பெண்களில் ஒருத்தியின் பெயரும் அங்கில்லை. எங்குச் சென்றார்கள், பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதும் இல்லை. ஆனால் அதே திருவிவிலியத்தில் ரூத்து நூலும் இருக்கிறது. மோவாபியர் சபையில் சேரலாகாது என்று இணைச்சட்டம் விலக்கிய இனத்தில் பிறந்த அப்பெண், தாவீதின் பாட்டனைப் பெற்றெடுக்கிறாள். மத்தேயு நற்செய்தியாளர் ஆண்டவரின் மூதாதையர் வரிசையை எழுதும்போது அவள் பெயரை மறைக்கவில்லை. ஆகவே, விவிலியத்திலிருந்து அகமணத்திற்கு ஆதாரம் தேடுவோருக்கு ஆதாரம் கிடைக்கும்; மறுப்புத் தேடுவோருக்கும் கிடைக்கும். திருமறை ஓதியவன் என்ற முறையில் நான் கவனிப்பது ஒன்றை மட்டுமே: அங்கே அஞ்சப்படுவது பெரும்பாலும் வேற்றுத் தெய்வ வழிபாடு, ‘தாழ்ந்த பிறப்பு’ அன்று.

இனி உள்வேலிக்கு வருவோம். புனித அகுஸ்தினார் ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலின் பதினைந்தாம் பகுதியில் இதைப்பற்றி ஆழமாகச் சிந்திக்கிறார். ஒருவனுக்குத் தந்தை ஒருவர், மாமனார் வேறொருவர் என்றிருந்தால் அன்பு இரு குடும்பங்களைத் தழுவுகிறது. இரண்டு உறவும் ஒரே மனிதரிடம் குவிந்தால் அன்பின் வட்டம் சுருங்கிவிடுகிறது. எனவே உறவுகளைப் பலரிடையே பகிர்ந்துவிடுவதே சமுதாயத்தை இணைக்கும் வழி என்பது அவர் வாதம். இதை முதன்முதலில் குருமடத்தில் படித்தபோது எனக்கு நம் தமிழ்ச் சொற்கள் நினைவுக்கு வந்தன. தாயின் உடன்பிறந்தவரும் மாமன். மனைவியின் தந்தையும் மாமன். தந்தையின் உடன்பிறந்தவளும் அத்தை. மனைவியின் தாயும் அத்தை. அகுஸ்தினார் பிரித்துவைக்க விரும்பிய இரு உறவுகளை, நம் மொழி ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கிறது. ஒரு திருச்சபைத் தந்தையின் வாதத்திற்கு நேர் எதிரில் நம் சமுதாயத்தின் இலக்கணமே நிற்கிறது.

இடைக்காலத்தில் திருச்சபை உள்வேலியை வெகுதூரம் தள்ளிப் போட்டது. ஏழு தலைமுறைக்குள் பொது மூதாதை இருந்தால் மணம் கூடாது என்றனர். சிறு ஊர்களில் எவர்தான் எவரை மணப்பது? அரசர்களோ, வேண்டாத மனைவியை விலக்கத் தூரத்து உறவைக் கண்டுபிடித்துக்கொண்டனர். பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயியின் மணம் 1152இல் இவ்வழியே இல்லாமற் போயிற்று. 1215ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் ஏழை நான்காகக் குறைத்தது. உடலில் நான்கு நீர்மங்கள் உள்ளதால் நான்கு தலைமுறை போதும் என்று சங்கத் தந்தையர் கூறிய காரணம் இன்று நமக்குப் புன்னகையை வருவிக்கிறது. ஆனால் அடுத்த விதியிலேயே, மணத்தை முன்கூட்டிக் கோவிலில் அறிவிக்க வேண்டும் என்று அவர்கள் கட்டளையிட்டனர். நாம் வாசிக்கும் ஓலையின் மூலம் அதுதான். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு நான்கை மூன்றாக்கிற்று. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் வரையே தடை. அதற்கும் ஆயர் விதிவிலக்கு அளிக்கலாம். மணவழி வரும் சொத்தைத் தன்பக்கம் திருப்பவே திருச்சபை இவ்விதிகளை இட்டது என்று ஆங்கில மானிடவியலாளர் ஜாக் கூடி 1983இல் எழுதினார். அவர் வாதத்தை முழுவதும் ஏற்க என் மனம் இடந்தரவில்லை. முழுவதும் தள்ளிவிடவும் இயலவில்லை.

கவனியுங்கள்: இத்தனை நூற்றாண்டுகளில் திருச்சபைச் சட்டம் வெளிவேலி என்று அமைத்தது ஒன்றே ஒன்று. அது சமயம். திருமுழுக்குப் பெறாதவரை மணப்பதற்குத் தடை உண்டு. குலம், குடி, நிறம், தொழில் ஆகியவற்றால் தடை இல்லை. சட்டத்தால் தடுக்கப்படாத அனைவரும் மணந்துகொள்ளலாம் என்பதே அதன் பொதுவிதி.

இந்தச் சட்டத்தோடு மறைப்பணியாளர் தமிழகக் கரையில் வந்திறங்கினர். 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஓர் இனத்தார் முழுவதுமாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் புனித சவேரியார் வந்தபோது அவர் கண்டது தனித்தனி விசுவாசிகளை அன்று. தலைவரும் கட்டுப்பாடும் கொண்ட ஒரு முழுச் சமுதாயத்தை. அங்குப் பங்கும் இனமும் ஒன்றே. அகமணத்தை விலக்கும் கேள்வியே எழவில்லை. ஏனெனில், அனைவரும் கிறிஸ்தவரான பின்னும் யாரும் யாரையும் புதிதாக மணக்க வேண்டியிருக்கவில்லை.

மதுரை மறைப்பணியில் நிலைமை வேறு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி பலதரப்பட்ட மக்களிடையே மறையைப் பரப்பினார். பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவை சமூக வழக்கமா, சமயச் சடங்கா என்ற வழக்கு உரோமை வரை சென்றது. திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623இல் நொபிலியின் பக்கம் தீர்ப்பளித்தார். சாதி என்பது ஐரோப்பாவின் உயர்குடிப் பிறப்பைப் போன்ற உலகியல் வேறுபாடு என்று அன்றைய இயேசு சபையார் எண்ணினர். பிரபுவின் மகன் பிரபுவின் மகளையே மணந்த நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு அகமணம் பெருங்குறையாகத் தோன்றாததில் வியப்பில்லை. மனமாறியவன் சாதிக்கு வெளியே மணந்தால் நிலத்தையும் உறவையும் இழந்து தெருவில் நிற்க நேரும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். அவர்கள் மேல் கல் எறிவது எளிது. அவர்கள் இடத்தில் நிற்பது எளிதன்று.

பின்னர், திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். மலபார் வழிபாட்டு முறைப் பூசல் என்று வரலாறு அழைக்கும் நெடிய வழக்கு அதனால் மூண்டது; 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணை வெளியிடும்வரை நீடித்தது. அந்த 1704ஆம் ஆண்டு ஆணையைப் படிப்போருக்கு, நம் திருமண வீடு எவ்வளவு நுணுக்கமாக ஆராயப்பட்டது என்பது விளங்கும். தாலியில் பிள்ளையார் உருவம் இருக்கலாமா, தாலிக் கயிற்றின் இழைகள் நூற்றெட்டாக இருக்கலாமா, மணவீட்டில் தேங்காய் உடைக்கலாமா, சிறு குழந்தைகளுக்கு மணம் முடிக்கலாமா என்றெல்லாம் அதில் விதிகள் உண்டு. தாழ்த்தப்பட்ட மக்களின் நோயாளிகளை அவர்கள் இல்லத்திற்கே சென்று குருக்கள் காண வேண்டும் என்ற விதியும் உண்டு. அது அக்காலத்தில் பெருந்துணிவு. ஆனால், சாதிக்குள் மட்டுமே மணப்பதைக் குறித்து அதில் ஒரு சொல்லும் இல்லை. தாலியின் வடிவம் பற்றி நாற்பது ஆண்டுகள் வாதிட்டவர்கள், அது எவர் கழுத்தில் ஏறலாம் என்பதைப் பற்றி வாதிடவில்லை.

சுவர்களைப் பற்றி வாதிட்டனர். 1745இல் புதுச்சேரிச் சம்பாக் கோவிலில் தாழ்த்தப்பட்டோரைப் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்டதையும், அதனால் எழுந்த கொந்தளிப்பையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் காணலாம். அதே ஆண்டில் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர் தேவசகாயம். 2022இல் அவர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டபோது, பெயருக்குப் பின்னிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது. அதே வடக்கன்குளத்தில்தான் இரு சாதியார் தனித்தனியே அமர, பீடத்தில் சந்திக்கும் இரண்டு நீண்ட கூடங்களுடன் ஒரு கோவில் 1872இல் எழுந்தது. அச்சாதிகளின் பெயர்களை இங்கு எழுத வேண்டியதில்லை. 1910இல் பங்குப் பணியாளர் கௌசானல் அடிகள் காலத்தில் தடுப்புகள் அகற்றப்பட்டன. வழக்கு நீதிமன்றம் சென்றது. கோவிலுக்குள் சாதிக்கெனத் தனியிடம் கோரும் உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. சுவரை இடிக்கக் கடப்பாரை போதும். சுவர் இடிந்த பின்னும் இரு கூடத்துப் பிள்ளைகளும் அவரவர் கூடத்திலேயே பெண் எடுத்தனர். அதற்கு எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுத இயலாது.

வெளிவேலி எழுத்திலேயே இடம்பெற்ற ஓர் இடமும் உண்டு. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் கினானாயர் எனப்படும் சீரியக் கத்தோலிக்கர் வாழ்கின்றனர். 345ஆம் ஆண்டு கினாய் தொம்மன் தலைமையில் எழுபத்திரண்டு குடும்பங்களாகக் கொடுங்கல்லூரில் வந்திறங்கியோரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களது மரபு. தெற்கத்தியர், வடக்கத்தியர் என்ற பூசல் முற்றியபோது, திருத்தந்தை பத்தாம் பயஸ் 1911இல் தெற்கத்தியருக்கெனக் கோட்டயத்தில் தனி மறைவட்டத்தை ஏற்படுத்தினார். அதில் பிறந்தவர் வெளியே உள்ள கத்தோலிக்கரை மணந்தால், மணம் செல்லும். ஆனால் அவர் அம்மறைமாவட்டத்தை விட்டு வேறொன்றில் சேர வேண்டும். தங்கள் பழைய பாடல்களையும் மணச் சடங்குகளையும் பல நூற்றாண்டுகளாகக் காத்தது இக்கட்டுப்பாடே என்று அவர்கள் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. எனினும், அமெரிக்கக் குடியேற்றத்தில் இவ்விலக்கத்தை ஏற்க இயலாதென்று உரோமையின் கீழைத் திருச்சபைகளுக்கான பேராயம் 1986இல் அறிவித்தது. வெளியே மணந்ததற்காக ஒருவரை விலக்குவது செல்லாது என்று கோட்டயம் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. இச்செய்திகளை வாசித்துவிட்டு நம்மவர் சிலர் அவர்களைக் குறைகூறக் கேட்டிருக்கிறேன். எழுதிவைத்த வேலியை நீதிமன்றத்திற்காவது கொண்டுபோகலாம். எழுதாத நம் வேலியை எங்கே கொண்டுபோவது?

ஏனெனில், அவ்வேலி எங்கும் எழுதப்படாமலே என் அலுவலக மேசைவரை வருகிறது. மேசையின் இழுப்பறையில் இரண்டு வகை விண்ணப்பப் படிவங்கள் உண்டு. ஒன்று இரத்த உறவுத் தடைக்கு விதிவிலக்குக் கோருவது. மற்றொன்று திருமுழுக்குப் பெறாதவரை மணக்க விதிவிலக்குக் கோருவது. முதல் படிவத்தை நாடுவோர் ஏராளம். தமிழகத்தில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் உறவினரையே மணந்துள்ளனர் என்று 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும், அதே சாதியாகவும் இருக்க வேண்டும், பக்கத்து வட்டாரமாகவும் இருக்க வேண்டும் என்றால் மாமன் மகளைத் தவிர யார் மிஞ்சுவார்? வெளிவேலியை எவ்வளவுக்கு இறுக்குகிறோமோ அவ்வளவுக்கு உள்வேலி உடைகிறது. அங்கும் வரன் அமையாவிட்டால் இரண்டாம் படிவம். வேறு சாதிக் கத்தோலிக்கரைவிட, அதே சாதியின் பிற சமயத்தவர் நெருங்கியவராகத் தோன்றுகிறார். திருச்சபை இட்ட இரு தடைகளுக்கும் விதிவிலக்குக் கேட்க நம் மக்கள் தயங்குவதில்லை. திருச்சபை இடாத தடைக்குப் படிவமும் இல்லை. அதை மீற அனுமதி கேட்க வருவோரும் இல்லை.

வந்தார்கள், ஒருமுறை. பல ஆண்டுகளுக்கு முன், நான் முதன்முறையாகப் பங்குப் பொறுப்பேற்ற ஊரில், மேலத்தெரு இளைஞனும் கீழத்தெருப் பெண்ணும் ஒரு மாலையில் என் அறைக்கு வந்து நின்றனர். இருவரும் அதே கோவிலில் திருமுழுக்கும் புதுநன்மையும் உறுதிப்பூசுதலும் பெற்றவர்கள். அவன் பீடச் சிறுவனாக இருந்தவன். அவள் பாடகர் குழுவில் பாடியவள். இருவரும் வயது வந்தோர். தடை ஏதும் இல்லை. “சாமி, ஓலை எழுதணும்” என்றான். “பெற்றோரை அழைத்து வாருங்கள்” என்றேன்.

திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் இக்கேள்வியை விவாதித்தது என்பதை நான் தேர்வுக்குப் படித்திருந்தேன். பெற்றோர் இசைவின்றிச் செய்த மணம் செல்லாது என்று அறிவிக்கும்படி பிரெஞ்சு அரசர் தரப்பு சங்கத்தை வற்புறுத்திற்று. பங்குத்தந்தையும் இரு சாட்சிகளும் வேண்டுமென்று விதித்த சங்கத் தந்தையர், இதற்கு மட்டும் இணங்கவில்லை. அவ்வாறு கூறுவோரைக் கண்டிக்கவும் செய்தனர். இன்றைய சட்டத்திலும் பெற்றோரின் எதிர்ப்பு கணக்கில் கொள்ளப்படுவது உரிய வயது அடையாதோருக்கு மட்டுமே. இவையெல்லாம் அன்று மாலை எனக்குத் தெரியாதவை அல்ல. எனக்குத் தெரிந்திருந்த வேறொன்று, அடுத்த மாதம் திருவிழா. தேர் இரு தெருவிலும் செல்ல வேண்டும்.

இரண்டாம் முறை வந்தபோது, ஊரின் அமைதியைப் பற்றிப் பேசினேன். மூன்றாம் முறை, திருவிழா முடியட்டும் என்றேன். நான்காம் முறை அவர்கள் வரவில்லை. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் நகரத்தில் பதிவு செய்துகொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தேர் அமைதியாக இரு தெருவிலும் சென்றது. அதே ஆண்டில் உறவுமுறை மணங்களுக்கு ஐந்து விதிவிலக்குகள் கேட்டு ஆயரகத்திற்கு எழுதியிருந்தேன். ஒவ்வொன்றிலும் ‘தக்க காரணம்’ என்ற கட்டத்தில், பொருத்தமான வேறு வரன் அமையாமை என்று நானே என் கையால் நிரப்பினேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து வேறொரு பங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர்கள் இருவரின் மணமும் அங்குத் திருச்சபை முறைப்படி ஒழுங்கு செய்யப்பட்டதாகவும், அதைத் திருமுழுக்குப் பதிவேட்டில் குறிக்கும்படியும் அந்தப் பங்குத்தந்தை எழுதியிருந்தார். வழக்கமான கடிதம்தான். பழைய பதிவேட்டை எடுத்தேன். அவன் பெயர் ஒரு பக்கத்தில். அவள் பெயர் சில தாள்கள் தள்ளி, அதே ஏட்டில், அதே பழைய பங்குத்தந்தையின் கையெழுத்தில். ஓரத்தில் தேதியையும் இடத்தையும் எழுதினேன். ஊரின் பெயர்தான் வேறாக இருந்தது.

இந்தத் தையிலும் என் மேசைமேல் ஓலைகள் உள்ளன. ஆறு ஓலைகளில் இரண்டு உறவுமுறை, ஆயரகத்திற்கு எழுதியாயிற்று. ஓர் ஓலையில் பெண்ணின் தந்தை கையொப்பமிட மறுத்துவிட்டார். அவர் நல்லவர், மாதத்தின் முதல் வெள்ளி தவறாதவர். நேற்றிரவு வந்து, “சாமி, நீங்க வாசிச்சா நான் கோவிலுக்கு வர மாட்டேன்” என்று கூறிவிட்டுச் சென்றார். வரும் ஞாயிறு முதல் ஓலை.